தித்துவின் நிதானம்

காலையில் முகம் கழுவக் குழாயைத் திறந்த வெட்டூரியாவின் விரல்கள் மரத்துப்போயின. வெந்நீர் வரவில்லை. ஜன்னலுக்குக் கீழே அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தாள். அதுவும் கல்லாகச் சில்லிட்டுக் கிடந்தது. சமையலறைச் சுவரில் பாய்லரின் சிவப்பு விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிந்தது. வெளியே ஜனவரி. டான்யூப் ஆற்றிலிருந்து கிளம்பிய காற்று பிராய்லா ஊரையே உலுக்கிவிட்டு நான்காம் மாடிவரை ஏறி வந்து ஊளையிட்டது.

"பாய்லர் செத்துப்போச்சு," என்றாள்.

அவள் கணவன் தித்து போர்வைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினான். "அட, அதுக்கு ஏன் இப்படி முகத்தத் தூக்கி வச்சிருக்க? ஆளக் கூப்பிடலாம். எல்லாம் சரியாயிடும்."

இந்த 'எல்லாம் சரியாயிடும்' இருக்கிறதே, இதை அவள் இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டு வருகிறாள். தித்து துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். குரலை உயர்த்திப் பேசி யாரும் பார்த்ததில்லை. கூரை ஒழுகினாலும் சிரிப்பான், சம்பளம் தள்ளிப்போனாலும் சிரிப்பான். அந்தக் கட்டடத்துப் பெண்கள் எல்லோரும், "உனக்கென்னம்மா, தங்கமான மனுஷன் கிடைச்சிருக்கான்," என்று வெட்டூரியாவிடம் சொல்லாத நாளில்லை. அவளும் வெகுகாலம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

வேலை பார்க்கும் சட்டைத் தொழிற்சாலையில் அன்றைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவள் காத்திருந்தாள். பத்து மணிக்கு நெலு வந்தான். அந்தத் தெருவில் பாதி பாய்லர்கள் அவன் மாட்டியவைதான். மூடியைக் கழற்றி உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"உள்ள சுண்ணாம்பு அடைச்சு வெடிச்சிருக்கு அக்கா. தண்ணி இறங்கி எலக்ட்ரிக் போர்டும் போச்சு. இதுக்கு மேல இதுல காசு போடுறது வீண். புதுசுதான் மாட்டணும்."

"கேரண்டி அஞ்சு வருஷம்னு சொன்னீங்களே, இன்னும் முடியலையே?"

"இருக்கு அக்கா. ஆனா வருஷா வருஷம் சர்வீஸ் பண்ணி புத்தகத்துல முத்திரை வாங்கியிருக்கணும்." அவன் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினான். "இங்க பாருங்க, ரெண்டு வருஷமா காலியா இருக்கு. கம்பெனிக்காரன் கையை விரிச்சுடுவான்."

வெட்டூரியா மெதுவாகத் தித்துவின் பக்கம் திரும்பினாள். "ரெண்டு அக்டோபரும் சர்வீசுக்குன்னு உன் கைல பணம் குடுத்தேனே. என்ன பண்ணின?"

தித்து பிடரியைச் சொறிந்தான். "நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு. எதுக்கு வீணா செலவுன்னு... அப்ப படகு மோட்டாருக்குத் தவணை கட்டக் கொஞ்சம் குறைஞ்சுது..."

நெலு அவசர அவசரமாகத் தன் பையைக் கட்டினான். புதிய பாய்லர் மாட்டிக் கொடுக்க நாலாயிரத்து எண்ணூறு லெய் செலவாகும் என்று வாசலில் நின்றபடி சொல்லிவிட்டு, படியிறங்கிப் போய்விட்டான்.

கதவு சாத்தியதும் தித்து அவள் தோளில் கை வைத்தான். "பதறாத. பணம் இல்லாதவங்கன்னா கஷ்டம். நமக்குத்தான் நீ பல்லுக்குச் சேர்த்து வச்சது இருக்கே. நல்லவேளைன்னு நினைச்சுக்கோ. பல்லு எங்கயும் ஓடிப்போகாது."

அவள் தோளை உதறினாள்.

வலது பக்கத்தில் அவளுக்கு நான்கு பற்கள் இல்லை. ஆறு வருஷமாக ஒரு பக்கமாகவே மென்று மென்று தாடை கோணிக்கொண்டு வந்தது. ரொட்டியின் ஓரத்தைச் சூப்பில் நனைத்துத்தான் தின்பாள். முதல் தடவை சேர்த்த பணம் மாமியாரின் அடக்கச் செலவுக்குப் போனது. சரி, சாவைத் தள்ளிப்போட முடியாது. இரண்டாம் தடவை சலவை இயந்திரம். மூன்றாம் தடவை கட்டடத்துக் கூரை ரிப்பேருக்கு அவர்கள் பங்கு. ஒவ்வொரு தடவையும் தித்து இதே நிதானத்தோடு இதையேதான் சொன்னான். ஒவ்வொரு தடவையும் அவள் மறுபடி சனிக்கிழமை ஷிப்டுக்குப் பெயர் கொடுத்து, காஜா எடுத்து எடுத்துக் கண் எரிய வீடு திரும்பினாள்.

"உனக்கு ஏன் கோபமே வர்றதில்லன்னு இப்பதான் புரியுது," என்றாள். "ஒரு தடவைகூட உன் பொருள் எதுவும் போகல. போனதெல்லாம் என்னோடது. என் வாய்ல இருந்து எடுத்துக் குடுத்துட்டு நீ சிரிச்சிட்டிருந்திருக்க!"

"ஐயோ, ஏன் இப்படிக் கத்துற? நிதானமா யோசி."

"அந்த வார்த்தைய இன்னொரு தடவை சொன்ன, இந்தச் சட்டியத் தூக்கித் தலைல போடுவேன்."

கோட்டை மாட்டிக்கொண்டு, அலமாரியிலிருந்து பணத்தை எடுத்துப் பைக்குள் திணித்தாள். தித்து நிம்மதியாகத் தலையாட்டினான். நெலுவிடம்தான் போகிறாள் என்று நினைத்திருப்பான்.

டிராமுக்குக்கூட நிற்காமல் அவள் நடந்தாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பல் டாக்டர் ஸ்மரண்டாவின் மேஜைமேல் மொத்தப் பணத்தையும் வைத்தபோது கை உதறியது.

"இன்னிக்கே ஆரம்பிச்சுடுங்க டாக்டர். பாதி வேலையாவது இன்னிக்கே செஞ்சுடுங்க. திருப்பிக் கேட்டாலும் குடுக்காதீங்க."

"கை நடுங்குதே. பயமா இருக்கா?"

"பயமில்ல. கோபம்."

"அப்ப நல்லதுதான்," என்று டாக்டர் கையுறையை மாட்டினாள். "கோபமா இருக்கறவங்க வாயை நல்லாத் திறப்பாங்க."

மத்தியானம் அவள் வீடு திரும்பியபோது தித்து தொப்பியும் கோட்டுமாக அடுப்பருகில் உட்கார்ந்திருந்தான். "நெலு எப்ப வர்றானாம்?"

"நான் நெலுகிட்ட போகல. பல்லுக்குக் கட்டிட்டேன்."

முதலில் சிரித்தான். அவள் மரத்த கன்னத்தோடு உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றது. பிறகு, இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக, தித்து கத்தினான். "உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? வீட்டுக்குள்ள மூச்சு விட்டா புகையுது! குழாய்ல தண்ணி உறைஞ்சா கட்டடம் முழுக்க நம்மளக் காறித் துப்பும்! பணத்துக்கு நான் எங்க போவேன்?" நாற்காலியை எட்டி உதைத்தான். கீழ் வீட்டுக்காரி சத்தம் பொறுக்காமல் தன் கூரையில் துடைப்பக் கட்டையால் இடித்தாள்.

வெட்டூரியாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. கை நடுக்கம் நின்றுபோயிருந்தது. நெஞ்சுக்குள் அப்படி ஒரு அமைதி. ஆனால் அந்த அமைதியில் இனிப்பு எதுவும் இல்லை. எதிரே சிவந்த முகத்தோடு நிற்கிறவனைப் பார்க்க, ஆறு வருஷமாகக் கண்ணாடியில் பார்த்த தன் முகத்தையே பார்ப்பதுபோல் இருந்தது. 'எல்லாம் சரியாயிடும்' என்று அவனுக்கே திருப்பிச் சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. அந்த வார்த்தை எவ்வளவு எரியும் என்று அவளுக்குத் தெரியும்.

"கத்தறதா இருந்தா கத்து," என்றாள். "நானும் கத்திப் பார்த்தவதான். முடிச்சிட்டு உட்காரு, என்ன செய்யலாம்னு பார்ப்போம்."

அவன் உட்காரவில்லை. கதவை அறைந்து சாத்திக்கொண்டு அண்ணன் மார்செலிடம் கடன் கேட்கப் போனான். இருட்டும் முன்னே திரும்பினான், இன்னும் கொதித்துக்கொண்டு. "கடன் தரமாட்டானாம். மோட்டாரை வேணா பாதி விலைக்கு எடுத்துக்கறானாம், திருட்டுப் பய! கூடப் பொறந்தவனாம்!"

மோட்டார் என்ற பேச்சை அவள் எடுக்கவே இல்லை. அவனாகத்தான் எடுத்தான். அவள் சூப்பை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

"விக்கிறதும் விக்காததும் உன் இஷ்டம். ஆனா வித்தா பாதி விலைக்கு விக்காத. ரெண்டு சீசன்தானே ஓடியிருக்கு. துறைமுகக் கேண்டீன்ல எழுதி ஒட்டு. மீன் பிடிக்கிற பயலுக எல்லாம் அங்கதான வர்றானுங்க."

தித்து சூப் ஆறி ஆடை கட்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினான்.

ஐந்து நாள் கோட்டோடு தூங்கினார்கள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய சின்ன மின்கணப்பு ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் முதுகைக் காட்டிக் கிடந்தார்கள். ஒருநாள் தித்து, "ரெண்டு தடவை உன்கிட்ட மறைச்சேன், அது தப்புதான்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். வெட்டூரியா கேட்டுக்கொண்டாள். மன்னித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை, சொல்லவுமில்லை.

ஆறாம் நாள் ஆற்றுக்கு அக்கரையில் மாச்சின் ஊரிலிருந்து ஒருவர் வந்து மோட்டாரை இயக்கிப் பார்த்து, நல்ல விலைக்கே எடுத்துப் போனார். குறைந்ததை இரண்டு தவணையில் வாங்கிக்கொள்ள நெலு ஒப்புக்கொண்டான்.

புதிய பாய்லர் உறுமிக்கொண்டு எரியத் தொடங்கியது. குழாய்கள் ஒவ்வொன்றாகச் சூடேறி டிக் டிக்கென்று நெட்டி முறித்தன. தித்து தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான்.

"இன்னும் கோபமா இருக்கியா?"

"இருக்கு. கொஞ்ச நாளைக்கு இருக்கும்."

"எனக்கும்தான்," என்றான் தித்து. "மார்செல் மேல, உன் மேல, எல்லாத்துக்கும் மேல என் மேல." எழுந்து பின் அறைக்குப் போய், அங்கே செலவுக்குப் பயந்து மூடி வைத்திருந்த ரேடியேட்டரின் திருகைத் திறந்துவிட்டான். வெட்டூரியா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.