சத்தம் வராத பதினோரு நாள்

கணவன் பரந்தாமன் பின்னால் வந்து நிற்பது மணியம்மைக்குத் தெரிந்தது. ஷேவிங் சோப்பு வாசனை வந்தது. அவள் திரும்பவில்லை. கம்ப்யூட்டர் திரையில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒவ்வொரு தடவையும் இரண்டு ஸ்வரம் ஒலிக்கும். இரண்டாவது, முதலாவதைவிட மேலேயா கீழேயா என்று கேட்டு அழுத்த வேண்டும். சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு. அவள் அழுத்தினாள். சிவப்பு. இன்னொரு தடவை அழுத்தினாள். பச்சை.

"மணி, சத்தமே வர்லியே?"

"ஆங். வர்ல."

"எப்பத்துலேர்ந்து?"

"நீங்க நெட்டு போட்டீங்களே பாவா, அன்னிலேர்ந்து."

அவன் விரல் விட்டு எண்ணினான். பதினோரு நாள். வேலைக்குப் போன நாளெல்லாம் ரயிலைவிட்டு இறங்கி வந்து கால் கழுவியதும் "இன்னிக்குப் பிராக்டிஸ் பண்ணியா?" என்று அவன் கேட்டிருந்தான். "ஆங், பண்ணேன்" என்று அவளும் சொல்லியிருந்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

"சத்தமே இல்லாம இன்னா பண்ணிகினு இருந்தே?"

"மேலே, கீழேன்னு அழுத்திகினு இருந்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

ஏன் சொல்லவில்லை என்று அவள் நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். காரணம் எதுவும் அகப்படவில்லை. "தோணல" என்றாள்.

அந்த வருடம், 2002இல், ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம் ஏழாம் மாதத்திலேயே அவளுக்கு வலி கண்டது. பிறந்த பெண் குழந்தை இரண்டு நாள்தான் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திருத்தணிக்குத் திரும்பிய அன்று ஊர் முழுக்கக் காவடிக் கூட்டம். மலையடிவாரத்தைத் தாண்ட ஆட்டோவுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. பம்பையும் உடுக்கையும் காதைப் பிளந்தன. மடியில் வெறும் பையை வைத்துக்கொண்டு அவள் வெளியே பார்த்தபடி வந்தாள். வீட்டுக்குப் போனதும் அழுதுவிடுவாள் என்று பரந்தாமனும் அவள் அம்மாவும் எதிர்பார்த்தார்கள். அவள் கைகால் கழுவிக்கொண்டு உலை வைத்தாள்.

அதன் பிறகு எல்லா வேலையும் அது பாட்டுக்கு நடந்தது. சில நாள் உப்பு இரண்டு தடவை விழும், சில நாள் விழவே விழாது. மனதை வேறு எதிலாவது திருப்பச் சொன்னார் டாக்டரம்மா. பள்ளிக்கூடத்தில் மணியம்மை பாட்டுப் போட்டிகளில் கலந்துகொண்டவள் என்பது பரந்தாமனுக்கு நினைவு வந்தது. சென்னையில் ஒரு மருந்து கம்பெனி கிடங்கில் அவனுக்கு வேலை. ஒரு சனிக்கிழமை கம்ப்யூட்டரையும், சங்கீதம் பழகும் சிடி ஒன்றையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

முதல் நாட்களில் பச்சைதான் அதிகம் விழுந்தது. அவள் ஒன்றும் முயற்சி செய்யவில்லை, காது தானாகப் பிரித்துச் சொன்னது. சத்தம் நின்ற பிறகு பச்சையும் சிவப்பும் பாதிப்பாதியாக வந்தன. அது ஒரு குறையாக அவளுக்குப் படவில்லை. அழுத்தினால் நிறம் மாறியது. பொழுது போயிற்று.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பரந்தாமன் கூப்பிட்டதும் பதினோரு மணிக்கு, கடைத்தெரு கம்ப்யூட்டர் கடையிலிருந்து கௌதமன் மொபெட்டில் வந்தான். பொதட்டூர்பேட்டைக்காரன், முப்பது வயதிருக்கும். ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிச் செருகினான். விளக்கு எரிகிறதா என்று பார்த்தான். திரை மூலையில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் இடத்தைத் திறந்து பார்த்தான். எல்லாம் சரியாகவே இருந்தது.

"அக்கா, எதுனா பாட்டு சிடி இருக்குதா?"

இருந்தது. போட்டதும் சினிமாப் பாட்டு வீடு அதிர எழுந்தது. பரந்தாமனுக்குக் கோபம் வந்தது. "பாட்டு நல்லாத்தானே வருது? இது மட்டும் இன்னாத்துக்கு வர்ல?"

"பாட்டு சிடிக்குத் தனியா ஒரு ஒயர் போவுது சார், அதான் வருது. இந்தப் பயிற்சிக்கு கம்ப்யூட்டருதான் சத்தத்த அனுப்பணும். எங்க அனுப்புதுன்னு பாக்கலாம்." கௌதமன் இரண்டு மூன்று ஜன்னல்களைத் திறந்து மூடினான். "ஆங், மாட்டிகிச்சு. நெட்டுக்கு மோடம் போட்டாங்கல்ல? சவுண்டு கார்டுக்குப் போவவேண்டியத மோடத்துக்கு அனுப்பிகினு கெடக்குது. மாத்திட்டா சரியாயிடும்."

மாற்றினான். பயிற்சியைத் திறந்தான். டிங், டொங் என்று இரண்டு ஸ்வரம் தெளிவாக விழுந்தன. சிரித்துக்கொண்டே கேட்டான்: "வீட்ல கொழந்தைங்க கத்துக்குதாக்கா?"

பரந்தாமன் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இல்லப்பா, எனக்குத்தான்" என்றாள் மணியம்மை. அந்தக் கேள்வி எங்காவது குத்தும் என்று ஒரு கணம் காத்திருந்தாள். குத்தவில்லை. கணவனின் கழுத்து சிவந்திருப்பதைப் பார்த்தாள், யாரோ ஒருவரின் போட்டோவைப் பார்ப்பது போல.

கௌதமன் போன பிறகு பரந்தாமன் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றான்.

"எனக்குப் பயமா இருக்குது மணி."

பக்கத்தில் போய் அவன் தோளில் கை வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. கை எழவில்லை. "கத்திரிக்கா நறுக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் நாற்காலிச் சத்தம் கேட்டது. பிறகு இரண்டு ஸ்வரம். இரண்டாவது கீழே. "மேலே" என்று முணுமுணுத்துக்கொண்டு அழுத்தினான். "ச்சே" என்றான். மறுபடி இரண்டு ஸ்வரம். மறுபடியும் "ச்சே." பரந்தாமனுக்கும் பாட்டுக்கும் வெகுதூரம். சுப்ரபாதத்துக்கும் சினிமாப் பாட்டுக்கும் வார்த்தைகளை வைத்துத்தான் வித்தியாசம் கண்டுபிடிப்பான். விடாமல் அழுத்தினான். நான்காவது தப்பு. ஐந்தாவது.

"கீழே" என்றாள் மணியம்மை அடுப்படியிலிருந்து.

யாரும் கேட்காமல் தன் வாயிலிருந்து வந்த சொல்லைக் கேட்டு அவளே கத்தியை நிறுத்தினாள். அந்தப் பக்கம் அவன் அழுத்தினான். "ச்சே" வரவில்லை. அடுத்த இரண்டு ஸ்வரம் வந்தன. அவன் காத்திருந்தான்.

"மேலே" என்றாள்.

குக்கர் விசில் வரும்வரை அப்படியே நடந்தது. அவள் சந்தோஷப்பட்டாள் என்று சொல்ல முடியாது. நடுவில் ஒன்று தவறிப்போனபோது மட்டும் லேசாக எரிச்சல் வந்தது. காயை வாணலியில் கொட்டினாள்.

சாப்பிடும்போது அவன் தலையைக் குனிந்தபடியே கேட்டான்: "நாளைக்கு லீவு போடட்டுமா?"

முன்பு இரண்டு தடவை அவன் இப்படிக் கேட்டிருந்தான். இரண்டு தடவையும் "எதுக்கு?" என்றிருந்தாள். இப்போது சோற்றைப் பிசைந்தாள்.

"போடுங்க பாவா" என்றாள். பிறகு ரசம் வேண்டுமா என்று கேட்டாள்.