போனுக்குத் தெரியாத சொல்

குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் அர்பாஸ் டிரம்மை நிரப்பினான். பல் துலக்கினான். டீ போட்டான். சார்ஜரிலிருந்து தன் போனை எடுத்துவிட்டு மனைவி நஸீராவின் போனைச் செருகினான். நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு அவளைக் கபர்ஸ்தானில் அடக்கம் செய்திருந்தார்கள்.

போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எல்லாம் அவளுடைய வலைப்பூவுக்கு வரும் கமெண்டுகள். கல்யாணமாகி தாராவிக்கு வந்ததிலிருந்து அவள் தமிழில் எழுதிவந்தாள். முகம் பார்க்காத பெண்கள் பதில் எழுதுவார்கள். அடுப்படியில் நின்றபடியே படித்துச் சிரிப்பாள். இங்கிலீஷில் பி.காம் படித்த அர்பாஸுக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும். என்னவென்று கேட்டால், "படிக்கக் கத்துக்கிடுங்க, சொல்லுதேன்" என்பாள்.

அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். கபர்ஸ்தானிலிருந்து வந்ததும் அவள் போனில் மைக்கை அழுத்திப் பேசி, அது எழுத்தாக்கியதை வலைப்பூவில் போட்டிருந்தான்.

ஊரிலிருந்து வந்திருந்த அவள் தங்கை சஃப்ரீன் போனை எடுத்துப் பார்த்தாள்.

"மச்சான், இதுல என்ன சொன்னீங்க?"

"நஸீரா மவுத்தாயிட்டான்னு."

"'நஸீரா மௌனமாயிட்டா'ன்னுல்லா விழுந்திருக்கு."

அவன் போனை எட்டிப் பார்த்தான்.

"மவுத்துன்னா சாவுன்னு இதுக்கு எங்க தெரியும். நம்மாளுவளா செஞ்சாங்க இந்தப் போன?"

"அவங்க என்ன எழுதிருக்காங்க?"

"'கவிதையா நஸீரா? அடுத்த வரி எங்க?'ன்னு ஒரு அக்கா. காட்கோபர்லேருந்து ஷர்மிளான்னு ஒருத்தங்க, 'மெதுவா வாங்க, காத்திருக்கோம்'னு." அவள் நிமிர்ந்தாள். "நான் சரியா டைப் பண்ணிப் போட்டுறவா?"

"ரெஹ்னே தே. இன்னைக்கு ஒரு நாள் அப்படியே இருக்கட்டும்."

"காத்துக்கிட்டு இருப்பாங்கல்லா, மச்சான்."

டீ ஆடை கட்டியிருந்தது. அவன் அதை விரலால் ஒதுக்கினான்.

"போடு."

போட்டாள். போன் கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு அதிர்ந்தது. சஃப்ரீன் மனசுக்குள் படித்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"ஷர்மிளா கேக்காங்க. 'கடைசியா என்ன பேசுனாங்க? எங்களுக்குச் சொல்லுவீங்களா?'ன்னு."

நேற்றிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் அவனைச் சபூராக, பொறுமையாக இருக்கச் சொன்னார்கள். இதை யாரும் கேட்கவில்லை.

"நான் சொல்றேன், நீ எழுது. அவ சொன்னபடியே போடு."

கடைசி நாள் ஆஸ்பத்திரியில் அவன் ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவள் கட்டிலில் ஒருபக்கமாக நகர்ந்து இடம் விட்டாள்.

"அங்க வெயில் அடிக்குல்லா. இங்க வந்து உக்காருங்க."