ஜன்னலக்காவின் கஞ்சி

படகு துறைக்குள் திரும்பும்போது ஹாரன் ஒரே ஒரு முறை ஒலித்தது. ஜன்னலக்கா அடுப்பிலிருந்து கண்ணை எடுத்து வெளியே பார்த்தாள். ஒரு முறை என்றால் வருகிறவரின் வயிறு தெம்பாக இருக்கிறது, எதையும் பரிமாறலாம். இரண்டு முறை என்றால் கடல் ஆட்டி எடுத்துவிட்டது, முதலில் கஞ்சி. படகோட்டும் கணவனும் அவளும் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. தீவுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர்கள் வீட்டு முன்கூடத்துக்குத்தான் வருவார்கள்.

ஆனாலும் அவள் ஹாரனைவிடத் தன் கண்ணையே நம்பினாள். சமையலறை ஜன்னல் துறையைப் பார்த்தபடி இருந்தது. படகைவிட்டு இறங்குகிறவர்கள் நீண்ட மரப்பாலத்தில் நடந்துதான் கரைக்கு வர வேண்டும். அவர்கள் வந்து சேர்வதற்குள் அவள் முடிவெடுத்துவிடுவாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் பாதத்தையே பார்த்து நடக்கிறவருக்குப் புளிப்பாக ஒரு கஞ்சி. எதைப் பார்த்தாலும் நின்று படமெடுக்கிறவருக்குப் பசி இருக்கும், அது அவருக்கே இன்னும் தெரிந்திருக்காது. சீமைப்பலாக்காயைத் தணலில் போட்டு அதன் வாசனையை முதலில் அனுப்புவாள். நடுவில் நாலடி இடைவெளி விட்டு வருகிற கணவன் மனைவிக்குத் தனித்தனி மீன் கிடையாது, முள் நிறைந்த பெரிய மீன் ஒன்றுதான். முள்ளை எடுத்துப் போடும் சாக்கிலாவது பேசிக்கொள்வார்கள். இந்த வேலையைப் பார்த்துத்தான் துறையில் இருந்தவர்கள் அவளுக்கு ஜன்னலக்கா என்று பெயர் வைத்தார்கள்.

அன்று படகில் வந்தது ஒரே ஒரு பெண். சுற்றுலா நிறுவனத்திலிருந்து வருகிறவர். அடுத்த மாதம் முதல் நிறுவனத்தின் பெரிய படகு முப்பது பேரைத் தீவுக்குக் கொண்டுவரப் போகிறது. அவர்கள் சாப்பிட ஒரு வீடு வேண்டும். எந்த வீடு என்று முடிவு செய்ய வருகிறார். அந்த வீடு தங்கள் வீடாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் தெரியும். பெரிய படகு வந்த பிறகு அவனுடைய சின்னப் படகில் யார் ஏறுவார்கள்? அக்கரையில் சரக்குத் துறைமுகத்தில் வேலை இருக்கிறது என்று அவளுடைய தம்பி சொல்லி வைத்திருந்தான். போனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் வர முடியும். கல்யாணமான புதிதில் அப்படி நாலு வருஷம் ஓட்டியாகிவிட்டது. இன்னொரு முறை வேண்டாம் என்று இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. அவன் மட்டும் நேற்று ஹாரனைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தான்.

நிறுவனம் முன்கூட்டியே ஒரு வண்ணத் தாள் அனுப்பியிருந்தது. தீவுக்குப் போனால் தவறவிடக் கூடாத சாப்பாடு என்று மேலே போட்டு, குடைந்த அன்னாசிப் பழத்துக்குள் சோறு நிரப்பி, உச்சியில் காகிதக் குடை செருகிய படம். சமையலில் கூடமாட இருக்கும் நாத்தனார்தான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாரு அண்ணி இந்தத் தீவுல இப்படிச் சாப்பிடறது?"

"தெரியலையே."

"குடை எதுக்கு? சோறு நனையாம இருக்கவா?"

இருவரும் சிரித்து முடித்துவிட்டு, தங்களுக்குத் தெரிந்ததையே சமைத்து வைத்திருந்தார்கள்.

இப்போது அந்தப் பெண் பாலத்தில் நடந்து வந்தார். கைப்பையை வயிற்றோடு அணைத்திருந்தார். அடி மேல் அடி வைத்து, கம்பியைப் பிடித்து, பாதத்தைப் பார்த்து. ஜன்னலக்கா ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"கஞ்சிய எடு."

"அண்ணன் ஒரு ஹாரன்தானே அடிச்சாரு?"

"உங்க அண்ணனுக்கு இன்னிக்கு எல்லாத்தையும் பரப்பிக் காட்டணும்னு ஆசை. போன தடவ உங்க மாமா வந்தப்பவும் ஒண்ணுதான் அடிச்சாரு. மனுஷன் வாசல்லயே வாந்தி எடுத்தாரு."

கஞ்சி போயிற்று. தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடு, மாங்காய்க் கீற்று. அந்தப் பெண் குடித்தார். கிண்ணம் காலியானதும் சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். இன்னொரு கிண்ணம் கேட்டார். அப்புறம் இன்னொன்று.

"அண்ணி," என்றாள் நாத்தனார், தணிந்த குரலில். "மூணாவது கிண்ணம். வயிறு சரியில்லாதவங்க இப்படியா குடிப்பாங்க?"

அதற்குள் படகைக் கட்டிவிட்டுக் கொல்லைப்புறமாக வந்த கணவன் அடுப்பைச் சுற்றி மூடியே கிடக்கும் பாத்திரங்களைப் பார்த்தான்.

"கஞ்சியா குடுத்த?"

"நடையப் பாத்தேங்க."

"அந்தம்மா வழி பூரா படகு முனையில நின்னுக்கிட்டு வந்தாங்க. எனக்கே பயமா இருந்துச்சு. புதுச் செருப்பு குதிகாலக் கடிச்சிடுச்சு, அதான் அந்த நடை."

ஜன்னலக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷத்தில் தன் கண் பிசகியதே இல்லை என்று அவள் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் பிசகுவதற்கு இந்த நாளா கிடைத்தது? முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நேராகக் கூடத்துக்குப் போனாள்.

"தப்பு என்னோடதுங்க. கடல் ஒத்துக்காம வந்திருக்கீங்கன்னு நெனச்சுட்டேன்."

அந்தப் பெண்ணுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அக்கா, எங்க அப்பா மீன்பிடிக்கிறவரு. நான் படகுல தூங்கி வளந்தவ. இங்க கஞ்சி மட்டும்தான் போல, பரவால்ல, வயித்த ரொப்பிக்கலாம்னு குடிச்சிட்டிருந்தேன்."

அதன் பிறகு எல்லாம் வந்தது. இலையில் பொதிந்து தணலில் புதைத்த மீன். இலை விரிந்ததும் ஆவியோடு மிளகும் எலுமிச்சையும் எழுந்தன. தேங்காய்ப்பாலில் வேகவைத்த கணவாய், பல்லுக்கு வேலை வைக்காத பதம். ஜன்னலக்கா தேங்காய்ப்பாலைக் கொதிக்க விடுவதில்லை. ஓரத்தில் முதல் குமிழ் எட்டிப் பார்க்கும்போதே இறக்கிவிடுவாள். குமிழ் கிளம்பும் சத்தம் அவளுக்கு மற்ற வேலைகளுக்கு நடுவிலும் கேட்கும். தோல் கருக முழுசாகச் சுட்ட சீமைப்பலாக்காயை அவள் விருந்தாளியின் முன்னால்தான் பிளப்பாள். உள்ளே வெளிறிய மஞ்சளில், ரொட்டியும் கிழங்கும் சேர்ந்தது போன்ற சதை. அதன்மேல் உப்பிட்ட தேங்காய்ப்பால். அந்தப் பெண் சாப்பிட்டார். கைப்பையிலிருந்த கேமராவை எடுக்கவே இல்லை. நடுவில் ஜன்னலக்கா எழுந்து போய், இறக்கியபின் தணலோரம் இருந்ததில் கணவாய்ச் சட்டியின் அடியில் பிடித்திருந்ததைச் சுரண்டி ஒரு சின்னத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். அது முதலில் காலியானது.

கை கழுவி வந்து உட்கார்ந்ததும் அவர் குரல் அலுவலகக் குரலாக மாறியது.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். முப்பது பேர் வந்தா ஒவ்வொருத்தர் நடையையும் பாப்பீங்களா?"

"பாப்பேன்."

"இன்னிக்கு மாதிரி தப்பாச்சுன்னா?"

"கேட்டு மாத்திப் போடுவேன்."

"எங்க ஆபீஸ்ல ஒரே தட்டுதான் கேப்பாங்க. எல்லாருக்கும் ஒண்ணு போல. அந்தப் படத்துல இருக்கறது கூட வேணாம், அத நான் பேசிக்கறேன். உங்க சாப்பாடே போதும். ஆனா ஒரே தட்டு."

கணவன் கதவோரம் நின்றிருந்தான். சரின்னு சொல்லிடு என்று அவன் கண் சொன்னது. அதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, தரையில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையை விரலால் எடுத்தாள்.

"வைக்கலாங்க. வைக்கத் தெரியாம இல்ல. இன்னிக்கு அப்படி வச்சிருந்தா கஞ்சி தப்பும் நடந்திருக்காது." பருக்கையைச் சின்னத் தட்டில் போட்டாள். "ஆனா நீங்க மீன்லயும் காய்லயும் கருகின ஓரத்தையே தேடித் தேடி எடுத்தீங்க. அதப் பாத்துட்டுத்தான் அடிப்பிடிச்சதச் சுரண்டிக் கொண்டாந்தேன். ஒரே தட்டுன்னா அதுக்கு அதுல எடம் இருக்காதுங்களே."

கணவன் கதவு நிலையில் சாய்ந்துகொண்டான். இவளை விட்டுவிட்டு எப்படி அந்தத் துறைமுகத்தில் போய்க் கிடப்பது என்று நினைத்தான். அதே மூச்சில், இவள் சொன்னதை மாற்றிச் சொல்ல வைக்கத் தன்னால் ஆகாது என்றும் தெரிந்தது. அப்படி வைக்க மனமும் வரவில்லை.

"நான் சரின்னா நாளைக்கே ஆளனுப்பற எடம் இல்ல எங்க ஆபீஸ்," என்று எழுந்தார் அந்தப் பெண். "எங்க மேலதிகாரிகிட்ட பேசணும். வரேன் அக்கா."

"வாங்க. செருப்பக் கழட்டிட்டு நடங்க, பலகை சுடாது."

சிறிது நேரம் கழித்து ஜன்னலக்கா பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தபோது படகு இன்னும் கிளம்பியிருக்கவில்லை. பாலத்தின் நுனியில் அந்தப் பெண் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு இங்கே கேட்கவில்லை. இடது கை மட்டும் தெரிந்தது. அது முதலில் விரிந்து காற்றில் தட்டையாக ஒரு வட்டம் போட்டது. வட்டத்தைப் பாதியில் கலைத்தது. பிறகு ஒரு பொதியைப் பிரிப்பது போல விரல்கள் இரண்டு பக்கமும் விலகின. எதையோ பிளந்தன. கடைசியில் ஐந்து விரலும் குவிந்து, இல்லாத ஒரு சட்டியின் அடியை மெல்ல, திரும்பத் திரும்பச் சுரண்டத் தொடங்கின. படகில் கணவன் அவிழ்த்த கயிற்றைக் கையில் பிடித்தபடி, இன்ஜினைக் கிளப்பாமல் நின்றிருந்தான்.