தொட்டியில் மிதந்த முப்பத்தொன்பதாம் கருவி

கடலில் இரண்டாயிரம் மீட்டர் ஆழத்தில் இறக்கிய முப்பத்தொன்பதாம் எண் கருவி, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கருவிக்காரர் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதந்தது. அடியில் கட்டியிருந்த சிமென்ட் பாளத்தைக் கழற்றிவிட்டு, ஆரஞ்சு மிதவையோடு வந்திருந்தது. துணி உலர்த்தப் போன அவர் மனைவி அதைப் பார்த்துவிட்டுக் கம்பெனிக்குப் போன் செய்தார். ஆட்கள் வந்து எடுத்துப்போனார்கள்.

கருவிக்காரருக்கு எண்ணெய் தேடும் கப்பலில் வேலை. கப்பல் ஆழத்தில் நீளமான கேபிளை இழுத்துக்கொண்டு மின்னலைகளை அனுப்பும். கடல்தரையில் உட்கார்ந்திருக்கும் கருவிகள் அவற்றைப் பதிவு செய்யும். எண்ணெய் உள்ள பாறையில் மின்சாரம் லேசில் ஓடாது. அந்த முரண்டை வைத்துத்தான் இடம் கண்டுபிடிப்பார்கள். முடிந்ததும் ஒவ்வொரு கருவிக்கும் அதற்கென்று உள்ள ஒலியை அனுப்பி மேலே கூப்பிடுவது அவர் பொறுப்பு. கடலடியில் கிடப்பதெல்லாம் அவர் கூப்பிட்டால் வரும். வீட்டிலிருந்து கூப்பிட்டால் அவர்தான் வரமாட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மனைவி ஈரத்துணி வாளியைக் கீழே வைத்து, "ஏங்க, ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னது விசாரணையில் தெரியவந்தது. அடுத்த ஏழு வருடத்தில் அப்படிப் பதினாறு கருவிகள் வந்தன. ஆய்வு நாட்களில் கணவரைக் கூப்பிட வேண்டாம் என்று கம்பெனி பணிவாகக் கடிதம் எழுதியது. மாமியாரின் சாவையும் ஒழுகும் கூரையையும் மனைவி வாயைத் திறக்காமலே கடந்தார். பாவம், அதற்கு ஒருவரும் நன்றிகூடச் சொல்லவில்லை.

எட்டாம் வருடம் மனைவி வயிற்றில் கட்டி. வியாழக்கிழமை ஆபரேஷன். கப்பலில் மாற்று ஆள் இல்லை.

"இன்னும் பதினெட்டு கருவி மேல வரணும். முடிச்சுட்டு வந்துடறேன்" என்றார் கருவிக்காரர் போனில்.

"எனக்குப் பயமா இருக்குங்க."

"நான் என்ன பண்ணட்டும்? ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிக் கூப்பாடு. வேற எதுக்கும் அசையாது, தெரியுமில்ல."

போனை வைத்த பிறகு மனைவி அதையே யோசித்தார். கல்யாணத்துக்கு முன் ஒரே அலுவலகத்தில் இருந்தபோது கணவரை ஒட்டடைக்குச்சி என்றுதான் கூப்பிடுவார். பிறகு அது 'ஏங்க' ஆகி, அதுவும் தேய்ந்துவிட்டது.

புதன்கிழமை மதியம் மாடிக்குப் போய், தொட்டி மூடியைத் திறந்து, "ஒட்டடைக்குச்சி, மேல வா" என்றார். குரலில் சத்தமே இல்லை, அவ்வளவு அசதி.

கொஞ்ச நேரத்தில் கருவிக்காரர் ஹெல்மெட்டும் கனத்த பூட்ஸுமாகத் தொட்டித் தண்ணீரிலிருந்து மேலே வந்தார். மனைவி துண்டை நீட்டினார்.

"இத்தனை வருஷத்துல இப்படி ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாமே" என்றார் கருவிக்காரர்.

"நீங்களா வருவீங்கன்னு இருந்தேன்."

கருவிக்காரர் துண்டை வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டார். மறுநாள் ஆஸ்பத்திரிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டபோதும் கை ஈரமாகவே இருந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கீழ்வீட்டுக் குழாயில் இரண்டு நாள் உப்புத் தண்ணீர் வந்தது; அவர்கள் கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டார்கள். கப்பல் பதிவேட்டில் கருவிகளுக்குக் கீழே 'ஆள் ஒன்று, வீட்டில் மீட்கப்பட்டது' என்று எழுதினார்கள். அதன்பிறகு அவர் விடுப்புக்குக் கம்பெனி விமான டிக்கெட் போடுவதில்லை.