சண்டைக்கு முந்தி எழும்புகிறவர்

கொட்டிலின் கதவை உள்ளே பூட்டியவன் நான்தான். ஆமைப்பூட்டு. அதன் திறப்பை இடுப்பில் சாறத்தின் கட்டுக்குள் செருகியிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒருவனுடைய கண்ணும் என்னுடைய முன்பற்களும் போகப்போகின்றன என்று தெரிந்திருந்தால் பூட்டியிருக்க மாட்டேன். அந்த அளவுக்கு முன்யோசனை உள்ளவன் புத்தளத்துப் பக்கம் முந்தல் என்ற ஊரில் வீடியோக் கொட்டில் நடத்திக்கொண்டு திரைக்கதை எழுதப் பழகுவானா?

பழகினேன் என்றால், படம் பார்த்துத்தான். இதற்கெல்லாம் புத்தகம் உண்டென்று சொல்வார்கள். முந்தல் கடைகளில் உரமும் இறால் தீனியும்தான் உண்டு. ஆகவே கொழும்பிலிருந்து வரும் கசெற்றைச் சனம் வர முந்தித் தனியே போட்டு, ஒரே காட்சியை முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டுவேன். கதாநாயகன் எப்போது வருகிறான், அவனுடைய அம்மா எப்போது இருமத் தொடங்குகிறாள் என்றெல்லாம் பார்ப்பேன். டெக் தேய்ந்ததே தவிர எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. முக்கியமாகச் சண்டை. நான் எழுதிய சண்டைகளில் ஆட்கள் திடீரென்று அடித்துக்கொண்டார்கள், பஸ் பிரேக் போட்டதும் பக்கத்து ஆள் மேல் விழுகிற மாதிரி. சண்டை வரப்போகிறது என்பதை முதலே எப்படி உணர்த்துகிறார்கள்? அது ஒன்று தெரிந்துவிட்டால் என் படம் ஓடிவிடும் என்று நம்பினேன்.

அது தெரிந்த மனிதர் என் கொட்டிலுக்கே வந்துகொண்டிருந்தார். மகாலிங்கம் அண்ணை. சண்டையில் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து, மனைவி தவமலரோடு பக்கத்து முகாமில் இருந்தவர். பாட்டென்றால் உயிர். ஆனால் படத்தில் அடிதடி தொடங்குவதற்கு முந்தி எழும்பி வெளியே போய்விடுவார். தொடங்கின பிறகு அல்ல, முந்தி. அன்றுதான் வந்திறங்கிய புதுப்படத்திலும் அப்படித்தான். ரீவியில் ஆட்கள் சிரித்துக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். அண்ணை எழும்பிச் சாறத்தை உதறுவார். அவர் வாசலைத் தாண்ட, உள்ளே மேசை உடையும்.

“எப்பிடி அண்ணை தெரியுது?” என்று கேட்டால், “மூத்திரம் வருது தம்பி” என்பார்.

இன்னொரு நாள், “உன்ரை வாங்குப் பலகையிலை மூட்டைப்பூச்சி கடிக்குது.”

“சண்டை நேரத்தில மட்டும் கடிக்கிற மூட்டையா?”

“படிச்ச மூட்டை.”

தவமலர் அக்கா சிரிக்கவில்லை. ஒருநாள் தனியே வந்து சொன்னா: “அவரை மறிச்சு வைச்சிடாதை தம்பி. போக வழியில்லாத இடத்திலை அவராலை இருக்க ஏலாது. பிறகு நித்திரையிலை கிடந்து கத்துவார்.”

ஓம் என்று தலையாட்டினேன். நல்ல தலையாட்டல். அடுத்த ஞாயிறு பின்னேரமே கதவைப் பூட்டினேன். அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் அவருக்கு உறைக்கிறது என்று பிடித்துவிட்டால் திரைக்கதையின் சூத்திரமே என் கையில்.

அன்றைக்கு நல்ல கூட்டம். அண்ணைக்குப் பக்கத்தில் நிக்கொலஸ் இருந்தான். இறால் பண்ணையொன்றில் மேற்பார்வையாளன். காசு கொடுத்து நுழைகிற பழக்கமில்லாதவன், கேட்கிற பழக்கம் எனக்குமில்லை. பின்னால் அவனுடைய ஆட்கள் இருவர். முன் வாங்கில், அதே பண்ணையில் வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட முத்தலிபு. குளத்து மதகை யாரோ திறந்துவிட்டு இறால் முழுவதும் கடலோரக் களப்புக்குள் போனதாக ஊரில் கதை அடிபட்டது. நான் அந்தக் கதையைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதில் கதாநாயகி இல்லை.

ரீவியில் காதல் பாட்டுத் தொடங்கியது. அண்ணை எழும்பினார்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம்! நான் ஏற்கெனவே ஓட்டிப் பார்த்த படம். பாட்டுக்குப் பிறகு கல்யாணம், சண்டை வர இன்னும் வெகுநேரம் கிடக்கிறது. “அண்ணைக்குப் பிழைச்சுப் போச்சு!” என்று கத்தியே விட்டேன். அவர் வாசலுக்குப் போய்ப் பூட்டைத் தொட்டுப் பார்த்தார்.

“தம்பி, திற.”

“பாட்டு முடியட்டும் அண்ணை.”

“திறடா!”

அவர் என்னை ‘டா’ போட்டதே இல்லை. திரும்பினேன். நிக்கொலஸ் முத்தலிபுவின் தலைமுடியைப் பிடித்து வாங்குக்கு மேலால் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தான்.

“மதக தொறந்தது நீதானே?”

“அல்லாஹ்வுக்காக, நான் இல்ல அண்ணே!”

முதல் அடி விழுந்தது. படங்களில் அடிக்கு இடி மாதிரிச் சத்தம் வைப்பார்கள். இது ஈரச்சீலையைக் கல்லில் போட்டது போல இருந்தது. அதற்குள் சனம் கதவில் போய் மோதியது. பிள்ளைகள் காலுக்குள் மிதிபட்டார்கள். நான் சாறக் கட்டைத் தடவினேன். திறப்பு மணலில் விழுந்திருந்தது. தென்னோலைக் கிடுகுச் சுவரைப் பிய்த்துக்கொண்டு போகவும் வழியில்லை. காசு கொடுக்காமல் எட்டிப் பார்க்கிறார்கள் என்று சுற்றிவரத் தகரம் அடித்திருந்தேன்.

நிக்கொலஸ் வாங்கின் காலைப் பிடுங்கினான். அதில் ஒரு ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. அடித்தவனும் நான்தான், பிறகு மடக்குவோம் என்று விட்டவனும் நான்தான். அந்தக் காலால் முத்தலிபுவின் முகத்தில் அடித்தான். இரண்டாவது அடியில் முத்தலிபு கத்திய சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. ரீவியில் கதாநாயகி மலைச்சரிவில் உருண்டுகொண்டிருந்தாள்.

நான் குறுக்கே பாய்ந்தேன். என்னைப் பெரிதாக நினைக்க வேண்டாம், கால் தானாகப் போய்விட்டது. கையை விரித்து, “இவன்மேல் கை வைப்பதென்றால் முதலில்...” என்று தொடங்கினேன். நானே எழுதிய வசனம், ஒரு பக்கம் நீளம். ‘முதலில்’ என்ற சொல்லோடு பற்கள் போயின. கீழே கிடந்தபோது ஒருத்தன் என் விலாவில் உதைத்தான். வாய் நிறைய மணலும் இரத்தமும். மூலையில் மகாலிங்கம் அண்ணை தோளால் தகரத்தை இடித்துக்கொண்டிருந்தார். கை இரண்டையும் பொத்தி நெஞ்சோடு வைத்தபடி, தோளால் மட்டும். தகரம் கிழித்து இரத்தம் வடிந்தது. “விடுங்கோ, விடுங்கோ” என்று முனகிக்கொண்டு இடித்தார். கடைசியில் தகரம் விட்டது. சனம் அதற்குள்ளால் வழிந்தது. நிக்கொலசும் ஆட்களும் அதே ஓட்டையால், படம் முடிந்து போகிறவர்கள் மாதிரிப் போனார்கள்.

தேங்காய் லொறியொன்றில் முத்தலிபுவைப் புத்தளத்துக்குக் கொண்டுபோனோம். அவனுடைய தலை என் மடியில். படங்களில் இந்த இடத்தில் மழை பெய்யும். எங்களுக்கு வெயிலும் ஈயும். நான் அழுதேன். பல் நோவுக்கு என்று அண்ணையிடம் சொன்னேன்.

இடது கண் போய்விட்டது என்றார்கள். உயிர் தப்பும்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் தவமலர் அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணைக்குத் தோளில் தையல் போட்டிருந்தார்கள். வலது கை இன்னும் பொத்தியபடி இருந்தது. அக்கா விரல்களை ஒவ்வொன்றாக விரித்தா. உள்ளே ஒரு கை மணிக்கூடு, ஓடிக்கொண்டிருந்தது.

“ஆருடையது அண்ணை?”

“நிக்கொலசின்ரை. ‘அண்ணே, இதக் கொஞ்சம் புடிங்க’ எண்டு தந்தவன்.”

நான் பக்கத்தில் போய் இருந்தேன்.  

“எப்பிடி அண்ணை உங்களுக்குத் தெரியுது?”

மூட்டையைச் சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

“அடிக்கப்போறவன் முதல்லை தன்ரை சாமானைப் பத்திரப்படுத்துவான் தம்பி. கண்ணாடியைக் கழட்டுவான். கிளாசை மேசையிலை வைப்பான். படத்திலையும் அதுதான், வெளியிலையும் அதுதான்.” மணிக்கூட்டைப் பார்த்தார். “ரோட்டுச் சோதனையிலை எங்கடை பஸ்ஸை மறிச்சவங்கள். என்னையும் என்ரை தம்பியையும் இறக்கினாங்கள். ஒருத்தன் மணிக்கூட்டைக் கழட்டி என்ரை கையிலை தந்தான். புதுசு, கீறல் விழாமல் பிடி எண்டான். தம்பியை அடிச்சு முடிக்குமட்டும் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். முடிய, கையை நீட்டினான். மணிக்கூட்டுக் கண்ணாடியிலை ரத்தம் தெறிச்சிருந்தது. என்ரை சாறத்திலை துடைச்சுப்போட்டுக் குடுத்தனான்.”