தங்கராசு மேஸ்திரி எழுப்பிய கச்சேரி ஹால்

சுவாதிக்கு அன்று மாலை ஆறு மணி கெடு. அதற்குள் ஒரு பாட்டைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். தேர்வானவர்களைச் சென்னை மேடையில் பாட வைப்பார்கள். மூன்று வருடமாக அவள் முட்டி மோதுகிற போட்டி. இந்த முறை தொழில்நுட்பப் பொறுப்பு என்னுடையது. கல்லூரியில் அவளுக்குப் பக்கத்து பெஞ்ச் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

செஞ்சியில் அவள் வீட்டுப் படுக்கையறையில் மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்துப் பதிவு செய்தோம். குரல் பீரோவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. கவலையில்லை. என் லேப்டாப்பில் ஒரு மென்பொருள் உண்டு. நீளம், அகலம், உயரம், சுவர் எதனால் ஆனது என்று சொன்னால், அப்படியொரு ஹாலில் பாடியதுபோல் குரலை மாற்றித் தரும். நூறடிக்கு அறுபது என்று போட்டேன். திரையில் ஹால் எழுந்தது.

கூடவே சுவாதியின் அப்பா தங்கராசுவும் உள்ளே வந்தார். முப்பது வருடமாக வீடு கட்டுகிற மேஸ்திரி.

"இன்னாடா சாஹிலு, யார் வூட்டு பிளான் இது?"

"வீடு இல்ல மாமா, ஹாலு. சுவாதி இதுலதான் பாடறா."

"தூணு எங்க?"

"கம்ப்யூட்டர் ஹாலு மாமா. தூணு வேணாம்."

"அறுபதடிக்குத் தூணு இல்லாம காங்கிரீட்டு போட்டா எம்பொண்ணு தலையிலதான் வுழும். தள்ளு."

தள்ளினேன். இருபத்துநாலு தூண் நட்டார். வாஸ்து பார்த்து மேடையை மூலைக்கு நகர்த்தினார். சுவர்ப் பட்டியலில் செங்கல் இருந்தது. "சேம்பர் கல்லா, நாட்டுக் கல்லா?" என்று மென்பொருளைக் கேட்டார். அது பதில் சொல்லவில்லை. கருங்கல்லுக்கு மாறிவிட்டார்.

"நைனா, மணி அஞ்சே முக்காலு!" என்று கத்தினாள் சுவாதி.

"காங்கிரீட்டு போட்ட அன்னிக்கே எவனாச்சும் உள்ள பாடுவானா? இருவத்தோரு நாளு தண்ணி ஊத்தணும்."

"ஊத்துனா லேப்டாப்பு செத்துடும் நைனா!"

ஐந்து ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினோம். கேட்டுப் பார்க்க நேரமில்லை.

பத்தாம் நாள் நடுவர் குழுவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. 'பாடகி எங்கே நிற்கிறார் என்றே தெரியவில்லை. தேர்வு செய்ய இயலாது. ஆனால் அரங்கின் ஒலியமைப்பு அபாரம். சென்னை வேண்டாம், இறுதிச் சுற்றை அங்கேயே நடத்த விரும்புகிறோம். உரிமையாளரின் எண்ணை அனுப்பவும்.'

சுவாதி இரண்டு முறை படித்தாள்.

"மூணு வருஷமா நான் பாடறேன். ஒரே நாள்ல ஹாலு செலக்ட் ஆயிடுச்சுடா."

"ஸ்ட்ராங்கா போட்டா அப்படித்தான்" என்றார் மேஸ்திரி.

அவள் அவரை முறைத்துவிட்டு, லேப்டாப்பை இழுத்து, பதிலைத் தானே அடித்தாள். 'ஹால் தருகிறோம். ஒரே நிபந்தனை. முதல் பாட்டு உரிமையாளரின் மகளுடையது.'

"ஏய், இல்லாத ஹால எப்படிடி குடுப்ப?" என்றேன்.

"அது என் டென்ஷன் இல்ல. மேஸ்திரிய கேளு."

ஒரு மணி நேரத்தில் சம்மதம் வந்தது. சுவாதியின் பெயரைப் பட்டியலில் முதலாவதாகப் போட்டிருந்தார்கள். பந்தியில் எத்தனை பேர் உட்காரலாம் என்றும் கேட்டிருந்தார்கள்.

மேஸ்திரி சாப்பாட்டு ஹாலுக்கு அளவு சொல்ல ஆரம்பித்தார். நான் டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன்.