மேஸ்திரி இறங்க எடுத்துக்கொண்ட நேரம்

மேஸ்திரி என்ற மட்டக்குதிரை முதன்முதலாகக் கட்டையைத் தாண்டக் கால் தூக்கியது வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. அந்தப் பக்கம் கால் ஊன்றியது பத்தேகாலுக்கு. இடையிலிருந்த பதினைந்து நிமிஷமும் அது நாலு காலையும் மடக்கிக்கொண்டு, ஒரு முழ உயரத்தில், வாயிலிருந்த புல்லை மென்றபடி அந்தரத்தில் நின்றது. பார்த்தவர்கள் மூன்று பேர்: அதைப் பழக்கிய குதிரைக்காரன், அவனுடைய அக்கா, அக்காவின் எட்டு வயது மகள். மகளை எல்லோரும் வால் என்றுதான் கூப்பிட்டார்கள். மற்ற குதிரைகள் ஓடும்போது ஓரமாக நின்று மேற்பார்வை பார்த்ததால், குதிரைக்கு அந்தப் பெயரை வைத்தவள் அவள்தான்.

அக்கா ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பு தைத்துக் கொடுப்பவள். அவள் புருஷன் சுவருக்கு வர்ணம் அடித்தவன். மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து தரைக்கு வர அவன் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு நொடி. அதன் பிறகு அவள் முக்காலி மேல்கூட ஏறுவதில்லை. பரணில் இருந்த பாத்திரமெல்லாம் ஆறு வருஷமாகத் தரையில்தான் அடுக்கிக் கிடந்தன.

தம்பி கட்டையை வாரத்துக்கு ஒரு சாண் உயர்த்தினான். கால் மணி முக்கால் மணியாயிற்று. கோடை முடிவதற்குள், காலையில் குதித்தால் சாயங்காலம்தான் இறங்கியது. கால்நடை டாக்டர் ஸ்டூல் மேல் ஏறி நின்று நாடி பார்த்தார். "குதிரைக்கு ஒண்ணுமில்லைம்மா. ஏதாவது இருந்தா தரைக்குத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் பூச்சி மருந்து எழுதிக் கொடுத்துப் போனார். எதிர்வீட்டுக்காரி, "இறங்கிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டு உலை வைக்கப் பழகிவிட்டாள்.

அக்காவுக்கு மட்டும் பழகவில்லை. "இந்தா பாரு, அது என்ன வேணா பண்ணட்டும். என் பொண்ணு அது முதுகுல ஏறக் கூடாது."

"சத்தியமா ஏத்த மாட்டேன்க்கா," என்றான் தம்பி. அவன் ஏற்றவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவன் லாடம் வாங்கப் போயிருந்தபோது, வால் தானாகவே ஏறிக்கொண்டாள்.

அன்று மேஸ்திரி ஓர் ஆள் உயரத்தில் நின்றது. ஓடிவந்த தாய் போட்ட கூச்சலில் லாயத்துக் குதிரைகளெல்லாம் காதை விடைத்தன. மேஸ்திரி ஒரு சாண் மேலே போயிற்று. "ஐயோ" என்றாள், இன்னொரு சாண். மகளின் காலைப் பிடிக்க எம்பினாள், ஒரு முழம். தம்பி ஏணியோடு வந்தபோது அது லாயத்துக் கூரையைத் தாண்டியிருந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டு அக்கா முனகிய முனகலில் ஏணிக்கும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. மேலிருந்து வால் சொன்னாள்: "அம்மா, நம்ம தண்ணித் தொட்டி மூடி திறந்து கெடக்கு!"

தம்பி ஏணியிலிருந்து இறங்கினான். "அக்கா, சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லித் தொலை."

"பயத்தோட வாடை குதிரைக்குத் தெரியும். உன்னைப் பார்த்துத்தான் அது மிரளுது. நீ பயப்படாம இருந்தா இறங்கிடும்."

"பயப்படாம எப்படி இருக்கறதுன்னும் நீயே சொல்லிக் குடு."

"நீ குதிரையா இருந்தா சொல்லிக் குடுத்திருப்பேன்."

அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திப் பார்த்தாள். உள்ளே பயம் இன்னும் கூடியது. வெளியே குதிரை மேலும் ஒரு முழம் ஏறியது. கடைசியில் தையல் மிஷினை வெளியே தூக்கிவரச் சொல்லி, மகளுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து விரிப்புக்கு ஓரம் அடித்தாள். தையல் கோணியது. பிரித்துப் பிரித்துத் தைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏழாம் வாய்ப்பாடு சொல்லு," என்றாள் சுவரிடம்.

"மேல வந்துமா?"

"மேல போனா மட்டும் கணக்கு வந்துடுமா? சொல்லுடி."

ஏழேழு நாற்பத்தொன்பதில் மேஸ்திரி ஒரு சாண் இறங்கிற்று. அதைச் சொல்ல வந்த தம்பியைக் கையமர்த்தினாள். "எங்கிட்ட சொல்லாதே. இன்னும் எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சா பயந்துடுவேன்."

மூன்று நாள் அப்படியே இருந்தாள். அவன் துரட்டிக் கோலில் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டி மேலே நீட்டினான். அவள் மகளை வெட்டாத நகத்துக்காகத் திட்டினாள், தொலைத்த குடைக்காகத் திட்டினாள், ஒற்றைச் செருப்போடு வீடு வந்ததற்காகத் திட்டினாள். பயம் போய்விடவில்லை, திட்டும்போது மட்டும் மறந்திருந்தது. அவள் தொண்டை கட்டியபோது குதிரை நின்ற இடத்திலேயே நின்றது. வெந்நீர் குடித்துவிட்டு மறுபடி தொடங்கினாள்.

வெள்ளிக்கிழமை முற்பகலில் முதுகுக்குப் பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது. திரும்பினால் மறுபடி ஏறிவிடுமோ என்று, அவள் கையிலிருந்த விரிப்பைக் கடைசிவரை தைத்து நூலைக் கடித்து அறுத்தாள். தோளில் ஒரு கை விழுந்தது. "அம்மா, பசிக்குது."

முதலில் மகள் முதுகில் இரண்டு அடி போட்டாள். பிறகுதான் கட்டிக்கொண்டாள்.

மேஸ்திரியை விற்றுவிடலாம் என்றான் தம்பி. அவள் ஒரு வாரம் யோசித்து வேண்டாம் என்றாள். தடுத்தால் மகள் சொல்லாமல் ஏறுவாள், சொல்லாமல் ஏறினால் தான் கூச்சல் போடுவோம் என்பது அவள் கணக்கு. மகளின் கால் தரையில் இழுபடும் வயது வரும்வரை நாலு வருஷம் அந்தச் சவாரி நடந்தது. அதிகபட்சம் ஒன்பது நாள். மகள் சேணத்தோடு வாசலில் வந்து நின்றால் தாய், "எத்தனை நாளு?" என்று மட்டும் கேட்பாள்.

"நாலு நாள் ஆகும்மா."

"ஸ்வெட்டர் எடுத்துக்கோ. மழை வர்ற மாதிரி இருக்கு."

பிறகு மிஷினைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஊசியில் நூல் கோர்க்க உட்காருவாள். மூன்றாவது தடவைதான் கோர்க்க வரும்.